கிள்ளான் மாடியிலிருந்து பார்னார்டு வளையம்

ஓரியன் விண்மீன் கூட்டத்தைச் சுற்றி ஏறத்தாழ 10 பாகை அகலத்துக்கு வளைந்து கிடக்கிறது பார்னார்டு வளையம். 1894-இல் எட்வர்டு எமர்சன் பார்னார்டு அதை நீண்ட நேர ஒளிப்படத்தில் பதிவு செய்தார். பிரிக்பீல்ட்ஸ் விளக்குகளின் வெளிச்சம் மேகத்தில் படியும் கோலாலம்பூரிலும், மேற்கே கிள்ளானிலும்கூட அதைப் படமெடுக்க முடியும். வேலைகளின் வரிசை பிசகக் கூடாது.

ஏற்ற காலம் பிப்ரவரித் தொடக்கம். இரவு 10 மணியளவில் ஓரியன் ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே வரும். புழுதியும் ஒளிமாசும் குறைவான திசை அதுவே.

முதலில் தாங்கி. கிள்ளான் 3 பாகை வடக்கு அகலக்கோட்டில் இருப்பதால், பூமியின் சுழற்சிக்கு ஈடாகத் திரும்பும் அச்சு கிட்டத்தட்டப் படுக்கையாக இருக்க வேண்டும். உயர்ந்த அகலக்கோடுகளை மனத்தில் வைத்துச் செய்த தாங்கியில் எடைத்தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். இடையே 20 செ.மீ. குழாய் ஒன்றைச் செருகினால் தண்டு தடையின்றிச் சுழலும். துருவ விண்மீனோ அடிவானத்தை ஒட்டி, அடுக்குமாடிகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஆகவே வானத்தின் மூன்று இடங்களைப் படமெடுத்து, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிடும் மென்பொருளைக் கொண்டு திருகுகளைச் சரிசெய்கிறோம். துருவத்தைப் பாராமலே துருவத்துக்கு அச்சைத் திருப்பும் இந்த முறை நம் ஊருக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது.

அடுத்து 135 மி.மீ. வில்லை, கறுப்பு வெள்ளை உணரி, 656.3 நானோமீட்டர் ஹைட்ரஜன் ஒளியை மட்டும் விடும் 7 நானோமீட்டர் வடிகட்டி. தெருவிளக்கின் பெரும்பகுதி வடிகட்டியில் நின்றுவிடும். பனி படியாதிருக்க வில்லையைச் சுற்றி வெப்பப்பட்டை. குவியத்துக்குப் பாத்தினோவ் தகடு: விண்மீனைச் சுற்றித் தெரியும் மூன்று கோடுகளில் நடுக்கோடு மற்ற இரண்டுக்கும் சரிநடுவே வரும்வரை வில்லையின் குவிய வளையத்தைத் திருப்ப வேண்டும்.

உணரியைச் சுழியப் பாகைக்குக் குளிர்வித்தபின் ஒவ்வொன்றும் 5 நிமிடமாக இரவுக்கு 36 படங்கள். நான்கு இரவுகளில் 144 படங்கள், 12 மணி நேரம். மூடியை மாட்டி அதே வெப்பநிலையில், அதே 5 நிமிடத்துக்கு 30 இருட்படங்கள். விடியலில், குவியத்தைத் தொடாமல், வெள்ளை வேட்டியை வில்லைமேல் இழுத்துக் கட்டி 30 சமன்படங்கள். ஒருமுறை நான் வேட்டியின் மடிப்பைக் கவனிக்கவில்லை. முடிந்த படத்தின் மூலையில் அழகான மங்கல் முகில் ஒன்று தெரிந்தது. அது அந்த மடிப்பு.

இருட்படத்தைக் கழித்து, சமன்படத்தால் வகுத்து, விண்மீன்களைப் பொருத்தி அடுக்குகிறோம். சுபாங் விமானங்களின் கோடுகள் இந்தக் கட்டத்தில் உதிர்ந்துவிடும். 144 படங்களைச் சேர்த்தால் இரைச்சலுக்கு மேல் ஒளி 12 மடங்கு துலங்கும். பிறகு 65,536 படிகளின் அடியில் நெரிந்து கிடக்கும் மங்கல் பகுதியை மெல்ல விரிக்க, கிழக்கு வில் முதலில் வெளிவரும்.

சரிபார்ப்புக்கே நான் அதிக நேரம் தருகிறேன். முதல் இரண்டு இரவுகளைத் தனியாகவும் அடுத்த இரண்டைத் தனியாகவும் அடுக்கி ஒப்பிட வேண்டும். ஆந்திரோமெடா பேரடை அருகே ஸ்ட்ராட்னர், டிரெக்ஸ்லர், செயின்டி ஆகிய தன்னார்வலர்கள் கண்டு 2023-இல் வெளியிட்ட ஆக்சிஜன் வில்லும் வேறு தொலைநோக்கிகளில் தெரிந்த பிறகே உறுதியாயிற்று. என் இரண்டு அடுக்குகளிலும் வில் ஒரே இடத்தில் இருந்தது. 2003-இல் ஃபிங்க்பைனர் வெளியிட்ட முழுவான ஹைட்ரஜன் வரைபடத்தை அதன்மேல் வைத்தேன். விளிம்பு விளிம்போடு பொருந்தியது.