மண்ணுக்கும் ஒரு கணக்கு நோட்டு

மாசி மாதம். ஏழாம் வகுப்பில் மண் வளம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். இலைதழை மக்கினால் எருவாகும் என்று சொல்லி முடிப்பதற்குள் சன்னல் வழியே புகை வந்தது. வெளியே வேப்பஞ்சருகு எரிந்துகொண்டிருந்தது. கூட்டிக் குவித்ததைக் கொளுத்தச் சொன்னது நான்தான்.

“மக்கினா எருன்னா, நாம ஏன் சார் எரிக்கிறோம்?” என்று கேட்டாள் ஒரு மாணவி. என்னிடம் பதில் இல்லை.

மரம் மண்ணிலிருந்து எடுத்த சத்துகளில் ஒரு பகுதி உதிர்ந்த இலையில் இருக்கிறது. எரித்தால் அதிலுள்ள நைட்ரஜன் பெரும்பாலும் வாயுவாகப் போய்விடும். பொட்டாசியம், கால்சியம் போன்றவை சாம்பலில் மிஞ்சும். மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைப் பிடித்துவைக்கும் மக்கு கிடைக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தது என் பழக்கமாகவில்லை. மறுநாள் வகுப்பில், “நான் செய்தது தவறு” என்று சொல்லிவிட்டேன்.

அப்போது நினைவுக்கு வந்தவர் ஜே.சி.குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்றவர். நிலைத்த பொருளாதாரம் பற்றிய தம் நூலில் இயற்கையிலிருந்தே உதாரணம் காட்டுகிறார். தோப்பில் புகும் குரங்கு பழத்தைத் தின்கிறது. தோப்புக்கு அது எதுவும் செய்வதில்லை. தேனீ தன் கூட்டம் முழுவதற்கும் உழைக்கிறது. தாய்ப்பறவை கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரை தேடுகிறது. இவற்றில் எதைப்போல வாழ்வது என்று தேர்ந்துகொள்ள மனிதனால் முடியும் என்பது அவர் கருத்து. எங்கள் பள்ளி மரங்களின் நிழலை மட்டும் வாங்கிக்கொண்ட நான் எந்த வரிசை என்று எனக்கே புரிந்தது.

கணக்காயரின் வழியிலேயே தொடங்கினோம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தி: ‘மண்ணிலிருந்து எடுத்தது’, ‘மண்ணுக்குத் தந்தது’. மாணவர்களோடு நானும் எழுதினேன். முதல் வாரம் இடப்பக்கம் சோறு, தண்ணீர், பருத்திச் சட்டை என்று நிரம்பியது. வலப்பக்கம் வெறுமை. ஒரு மாணவன் ‘மிட்டாய்த் தாள்’ என்று எழுதி, பிறகு அடித்துவிட்டான்.

வலப்பக்கத்தை நிரப்பக் குழி வெட்டினோம். முதல் முயற்சி தோற்றது. வெறும் சருகைக் கொட்டியிருந்தோம். கோடை விடுமுறையில் தண்ணீர் தெளிக்கவும் ஆளில்லை. ஜூனில் திறந்தால் சருகு சருகாகவே கிடந்தது. அடுத்த முறை பிளாஸ்டிக் தாள்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு, சருகு, சத்துணவுக் கூடத்துக் காய்கறிக் கழிவு, சாணக் கரைசல், கொஞ்சம் மண் என்று அடுக்கடுக்காகப் போட்டோம். ஈரம் காயாமல் முறைவைத்துப் பார்த்துக்கொண்டோம், அவ்வப்போது கிளறிவிட்டோம். கார்த்திகையில் கறுப்பாக, மழை பெய்த மண்ணின் மணத்தோடு எரு கிடைத்தது. கேள்வி கேட்ட மாணவி, இப்போது எட்டாம் வகுப்பு, முதல் கூடையை முருங்கைக்குப் போட்டாள்.

இதற்குத் தனி நிதியோ பாடவேளையோ தேவைப்படவில்லை. உங்கள் பள்ளியிலும் இந்த நோட்டைத் தொடங்கலாம். முதல் பக்கத்தை ஆசிரியர் எழுதட்டும். பிள்ளைகள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.