பாலிப் இல்லை, காற்று

மலத்தில் ரத்தம் தெரிகிறது, சளி போகிறது, ஓயாத உப்புசம் என்று காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போய் கொலனோஸ்கோபி செய்துகொண்டவரிடம் "குடலில் நிறைய பாலிப் இருக்கு" என்றால், அவர் வீட்டில் அன்றைக்கு உலை வைக்க மாட்டார்கள். எல்லோர் மனசிலும் ஓடுவது புற்றுநோய்தான். திரையில் பெருங்குடல் சுவரில் திராட்சைக் கொத்தாக உருண்டைகள் தெரிந்திருக்கும். ஆனால் வெகு அரிதாகச் சிலருக்கு அந்த உருண்டைகளுக்குள் சதை இருக்காது, வாயுதான் இருக்கும்.

நியூமடோசிஸ் சிஸ்டாய்ட்ஸ் இன்டெஸ்டினாலிஸ் என்பது இதன் பெயர். 1730-இல் டு வெர்னாய் என்ற மருத்துவர் பிணப் பரிசோதனையில் முதன்முதலாகக் கண்டு எழுதினார். பயாப்ஸி இடுக்கியால் கடித்தால் குமிழ் சட்டென்று சுருங்கிவிடும். பாலிப் அப்படிச் சுருங்காது. சிடி ஸ்கேனில் குடல் சுவருக்குள்ளேயே கறுப்புக் குமிழ்கள் வரிசையாகத் தெரியும். வெட்டியெடுப்பதற்கு முன் இந்த ஒரு ஸ்கேனைப் பார்த்துவிட்டால் எத்தனையோ பேர் வீண் அறுவைக்குத் தப்புவார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

சுவருக்குள் வாயு எப்படிப் போகிறது என்பதற்கு ஒரே விடை இல்லை. நாள்பட்ட நுரையீரல் நோய்க்காரர்களிடம் இது காணப்படுகிறது. குடல் நுண்ணுயிர்கள் மாவுச்சத்தைப் புளிக்கவைத்து உண்டாக்கும் ஹைட்ரஜனும் குமிழ்களில் இருக்கிறது. நம் ஊரில் சுகருக்குப் பரவலாகக் கொடுக்கும் வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரைகளை இங்கே கவனிக்க வேண்டும். அவை சிறுகுடலில் மாவுச்சத்துச் செரிமானத்தைத் தாமதப்படுத்துகின்றன. செரிக்காத மிச்சம் பெருங்குடலுக்குப் போய் நுண்ணுயிர்களுக்குத் தீனியாகிறது. இம்மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் குமிழ்கள் வந்ததும், நிறுத்தியபின் மறைந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

தொந்தரவு இல்லையென்றால் சும்மா விட்டுவிடலாம். இருந்தால் மெட்ரோனிடசோல் கொடுப்பார்கள். அல்லது செறிவான ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பார்கள். அப்போது ரத்தத்தில் நைட்ரஜன் போன்ற வாயுக்களின் அழுத்தம் குறையும். குமிழிலுள்ள வாயு ரத்தத்துக்குள் கசிந்து வெளியேறும்.

ஸ்கேனில் இதே காற்று வேறு விதமாகவும் வரும். குடலுக்கு ரத்த ஓட்டம் நின்று திசு அழுகும்போதும், குறைமாதக் குழந்தைகளின் குடல் அழற்சியிலும் சுவரில் வாயு தெரியும். கடும் வயிற்றுவலி, காய்ச்சல், ரத்த அழுத்தம் இறங்குதல், ரத்தத்தில் லாக்டேட் ஏறுதல் ஆகியவை சேர்ந்திருந்தால் அது உயிர்போகிற அவசரம். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.