ஓட்டு வேறு, சீட்டு வேறு

தேர்தல் நெருங்கினால், கோவளத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டிக் கல்பாக்கம் வரை எந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் ஒரே கேள்விதான் காதில் விழும்: "யாருக்கு எத்தனை சீட்டு?" கேட்பவருக்கு ஓர் எண் வேண்டும். சொல்பவரும் தயங்காமல் ஒன்றைச் சொல்லிவிடுவார். அந்த எண் எப்படி உருவாகிறது, அதை எவ்வளவு நம்பலாம் என்பதை ஒரு டீக்குள் சொல்லி முடிக்க முடியாது. இன்னொரு டீயும் சொல்லிவிட்டு, நிதானமாகப் பார்ப்போம்.

நாம் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்தே தொடங்கலாம். மாமல்லபுரம் திருப்போரூர் சட்டமன்றத் தொகுதியில் வருகிறது. 2016-ல் இங்கே அதிமுகவின் கோதண்டபாணி, திமுக வேட்பாளரை ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தாண்டினார். 2019 இடைத்தேர்தலில் திமுகவின் இதயவர்மன் சுமார் 21,000 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2021-ல் திமுக கூட்டணியில் தொகுதி விடுதலைச் சிறுத்தைகளுக்குப் போனது. பானைச் சின்னத்தில் நின்ற எஸ்.எஸ். பாலாஜி, பாமக வேட்பாளரை வென்றது 1,947 ஓட்டில். அதே ஊர்கள், ஏறக்குறைய அதே மக்கள். ஐந்து ஆண்டில் வித்தியாசம் ஆயிரத்துக்குள் இருந்து இருபத்தோராயிரத்துக்கு ஏறி, மறுபடி இரண்டாயிரத்துக்குள் வந்து நின்றது.

1,947 என்றால் என்ன? 974 பேர் அந்தப் பக்கம் மாற்றிப் போட்டிருந்தால் முடிவே மாறியிருக்கும். நாம் தமிழர் கட்சி இங்கே வாங்கிய ஓட்டு இந்த வித்தியாசத்தைவிடப் பல மடங்கு. பக்கத்துத் தொகுதிகளும் இப்படித்தான். செய்யூரில் விசிகவின் பனையூர் பாபு ஜெயித்தது சுமார் 4,000 ஓட்டில். மதுராந்தகத்தில் அதிமுகவின் மரகதம் குமரவேல், உதயசூரியன் சின்னத்தில் நின்ற மதிமுகவின் மல்லை சத்யாவை வென்றது 3,570 ஓட்டில். மூன்று வித்தியாசங்களையும் கூட்டினாலும் பத்தாயிரம் வரவில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏழு தொகுதிகளில் திமுக கூட்டணிக்கு ஆறு, அதிமுகவுக்கு ஒன்று என்று அந்தத் தேர்தல் கணக்கில் ஏறியது. சின்னக் காற்று ஒன்று திசை மாறி அடித்திருந்தால் அது ஏழு–பூஜ்யம் ஆகியிருக்கும், அல்லது நான்கு–மூன்று. இரண்டுமே நடக்கக்கூடியவைதான்.

மாநில அளவிலும் பாருங்கள். 2021-ல் திமுக கூட்டணிக்கு ஏறக்குறைய 45.4 சதவீத ஓட்டு, அதிமுக கூட்டணிக்கு 39.7. இடைவெளி ஆறு புள்ளிகூட இல்லை. சீட்டு? 159-க்கு 75, அதாவது இரண்டு மடங்குக்கு மேல். அதிக ஓட்டு வாங்கியவரே தொகுதியை முழுசாக எடுத்துக்கொள்ளும் முறை நம்முடையது. ஒரே ஓர் ஓட்டு அதிகம் என்றாலும் சீட்டு முழுசாக அவருக்கு. திருப்போரூரில் தோற்றவருடைய 92,000 ஓட்டுக்குச் சட்டமன்றத்தில் நாற்காலி கிடையாது. ஓட்டில் இருக்கும் சின்ன இடைவெளி சீட்டில் பெரிதாகிவிடுவது இதனால்தான்.

சரி, கணிப்பவர் இதை எப்படிக் கணக்கிடுகிறார்? தொகுதி தொகுதியாகக் கேட்டுத்தான் எண்ணைச் சொல்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். 20,000 பேரைக் கேட்டதாக வையுங்கள். பெரிய எண்தான். அதை 234-ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்கு 85 பேர். 85 பேரைக் கேட்டு வரும் கணக்கில் பத்துப் பதினோரு சதவீதம் அங்கே இங்கே பிசகும். ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் முடிந்த திருப்போரூரை அதை வைத்துச் சொல்லவே முடியாது. ஆகவே அவர்கள் செய்வது வேறு. மாநிலம் முழுவதற்கும், அல்லது மண்டலத்துக்கு மண்டலம், ஓட்டுச் சதவீதத்தை மதிப்பிடுகிறார்கள். போன தேர்தலைவிட அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். அந்த நகர்வை ஒவ்வொரு தொகுதியின் பழைய முடிவின் மேலும் ஏற்றுகிறார்கள். நூறு பேரில் இரண்டு பேர் ஒரு கட்சியை விட்டு எதிர்க்கட்சிக்குப் போனால் இடைவெளி நான்கு குறையும். 48–44 என்று இருந்த தொகுதி 46–46 ஆகிவிடும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மைதான், பானை ஒன்றாக இருந்தால். தமிழ்நாடு பல பானை. அதே 2021-ல் சென்னையின் 16 தொகுதிகளும் திமுக கூட்டணிக்குப் போயின. கோவை மாவட்டத்தின் பத்தும் அதிமுக கூட்டணிக்குப் போயின. மாநிலச் சராசரியை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி ஏற்றினால் இரண்டுமே தவறும். கூட்டணி மாறினால் பழைய முடிவை அடித்தளமாக வைப்பதே சிக்கல். கூட்டணிக் கட்சியின் ஓட்டு முழுசாக இடம் மாறி விழும் என்று எந்தக் கட்சித் தலைமையும் உறுதி சொல்ல முடியாது.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதே இல்லை. கணிப்பு பிசகினால் எல்லாத் தொகுதியிலும் ஒரே திசையில்தான் பெரும்பாலும் பிசகும். ஓர் ஊரில் கூடுதலாகச் சொன்னதை இன்னோர் ஊரில் குறைவாகச் சொன்னது ஈடுகட்டாது. ஒரு கட்சிக்கு இரண்டு சதவீதம் கூட்டிப் பார்த்துவிட்டால், நெருக்கமான தொகுதிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்துவிடும். 2021 எக்ஸிட் போல்களில் ஒன்று திமுக கூட்டணிக்கு 175 முதல் 195 வரை என்றது. ஜெயிப்பவரைச் சரியாகச் சொன்னது, எண்ணிக்கையில் தவறியது. 2016-ல் இரண்டு அணிகளுக்கும் இடைவெளி சுமார் ஒரு சதவீதம்தான். பல கணிப்புகள் திமுக என்றன; அதிமுக 134 இடம் பெற்று ஆட்சியைத் தக்கவைத்தது. ஒரு சதவீத இடைவெளி இருக்கும் இடத்தில் ஒற்றை எண்ணை உறுதியாகச் சொல்வது தவறு என்றே நான் நினைக்கிறேன். விரிந்த வரம்பைச் சொல்பவரைப் பயந்தவர் என்று கேலி செய்கிறார்கள். அவர்தான் நாணயமானவர்.

கணிப்பு பிசகுவது இங்கே மட்டுமல்ல. அமெரிக்காவில் அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் நாடாளுமன்றத் தேர்தல் வரும். பெரும்பாலும் இரண்டே கட்சி. இடம் பிரிக்கும் கூட்டணித் தலைவலி கிடையாது. அங்கேயே 2022-ல் குடியரசுக் கட்சி அலை வரும் என்று பலர் சொல்ல, கீழவையில் 222–213 என்ற மெல்லிய பெரும்பான்மைதான் கிடைத்தது.

ஆட்சிக்காலத்தின் நடுவில் வரும் அப்படிப்பட்ட தேர்தலுக்கு நம்மிடம் மிக அருகில் வருவது 2019-ல் 22 தொகுதிகளுக்கு நடந்த இடைத்தேர்தல். 2017-ல் பேரவைத் தலைவர் தனபால் தகுதிநீக்கம் செய்த 18 எம்.எல்.ஏ.க்களில் திருப்போரூர் கோதண்டபாணியும் ஒருவர். அதனால் நம் தொகுதியும் அந்தப் பட்டியலில் இருந்தது. 22-ல் திருவாரூர் தவிர மற்ற எல்லாமே 2016-ல் அதிமுக வென்றவை. எடப்பாடி பழனிசாமி அரசு நிலைக்குமா என்பதே அந்தச் சில தொகுதிகளில் தொங்கியது. ஏப்ரல் 18 அன்று 18 தொகுதிகளில் மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் ஒரே நாளில், ஒரே சாவடியில் ஓட்டுப்பதிவு நடந்தது. மீதி நான்கு மே 19-ல். மக்களவையில் திமுக கூட்டணி 38-ல் 37 ஜெயித்தது. அந்த அலையை அளவுகோலாக வைத்தவர் சட்டமன்றத்தில் அதிமுகவுக்கு ஒன்பது இடம் கிடைக்கும் என்று சொல்லியிருக்க மாட்டார். ஆனால் ஒன்பது கிடைத்தது, திமுகவுக்குப் பதின்மூன்று. அரசு நிலைத்தது.

உள்ளே போய்ப் பார்த்தால் இன்னும் வியப்பு. தேனி மக்களவைத் தொகுதியை அதிமுக வென்றது. அதற்குள் அடங்கிய ஆண்டிபட்டியையும் பெரியகுளத்தையும் அதே நாளில் திமுக வென்றது. தருமபுரியில் நேர்மாறு. மக்களவையில் திமுகவின் செந்தில்குமார் பாமகவின் அன்புமணியைத் தோற்கடித்தார். அதற்குள் இருக்கும் பாப்பிரெட்டிப்பட்டியும் அரூரும் இரட்டை இலைக்குப் போயின. ஒரே வாக்காளர், சில நிமிட இடைவெளியில், இரண்டு இயந்திரத்தில் இரண்டு விதமாகப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். டெல்லிக்கு யார், கோட்டைக்கு யார் என்று அவரைத் தனித்தனியாகக் கேட்டிருந்தால் மட்டுமே அது முன்கூட்டித் தெரிந்திருக்கும்.