குவாரி வருவதற்கு முன்னால் நிலத்தைப் பார்ப்பது யார்?

உங்கள் கிச்சன் மேடையின் கிரானைட், ஆபீஸ் போகும் சாலையின் ஜல்லி, சுவருக்குள் இருக்கும் எம்-சாண்ட் எல்லாமே ஏதோ ஒரு மலையை உடைத்து வந்தவைதான். குவாரியே வேண்டாம் என்று சொல்லிவிட்டு நகரம் கட்ட முடியாது. ஆனால் ஒரு மலையைக் குத்தகைக்கு விடுவதற்கு முன்னால், அங்கே பழைய குகையோ கல்வெட்டோ இருக்கிறதா என்று யாராவது போய்ப் பார்க்கிறார்களா?

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நாடு முழுவதும் சுமார் 3,700 சின்னங்கள் இருக்கின்றன. இவற்றைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கு மேல் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. 1992 அறிவிக்கையின்படி இது கட்டுமானத்துக்கு மட்டுமில்லை, சுரங்கத்துக்கும் பொருந்தும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பாதுகாப்பு பட்டியலில் பெயர் உள்ள இடங்களுக்கு மட்டும்தான். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையோடு வந்த படிவம் 1-ம் இப்படித்தான் கேட்கிறது: 15 கி.மீ.க்குள் பண்பாட்டு மதிப்புக்காகச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பகுதி உண்டா? பதிவே ஆகாத குகை பக்கத்திலேயே இருந்தாலும், ‘இல்லை’ என்று எழுதினால் அது பொய் ஆகாது. படிவத்தை நிரப்புவதும் விண்ணப்பதாரர்தான்.

பட்டியலில் இல்லாத இடம் என்ன ஆகும்?

குருகிராமில் வேலை பார்ப்பவர் என்றால் மாங்கர் பனி காடு உங்களுக்குப் பக்கம்தான். ஆரவல்லி மலைத்தொடரில் இருக்கும் அந்தப் பகுதியில் பாறை ஓவியங்கள் கொண்ட குகைகளும் கற்காலக் கருவிகளும் இருப்பதை ஹரியானா தொல்லியல் துறை 2021-இல்தான் வெளியே சொன்னது. ஊர்க்காரர்களுக்கு அந்த ஓவியங்கள் முன்பே தெரியும். ஃபரிதாபாத், குருகிராம் ஆரவல்லியில் சுரங்கங்களை உச்ச நீதிமன்றம் நிறுத்தியது 2009-இல். அதற்கு முன்பு பல பத்தாண்டுகள் அந்த மலைத்தொடரில் கல் உடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

பதிவான இடம் என்றால் பாதுகாப்பா?

அதுவும் நிச்சயமில்லை. மதுரை அரிட்டாபட்டியில் தமிழி கல்வெட்டு, சமணர் படுக்கைகள், 8-ஆம் நூற்றாண்டுக் குடைவரைச் சிவன் கோயில் இருக்கின்றன. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆனாலும் 2024-இல் ஏலம் போன டங்ஸ்டன் சுரங்கப் பகுதியின் சுமார் 2,015 ஹெக்டேரில், இந்தத் தலத்தின் 193 ஹெக்டேரும் சேர்ந்தே இருந்தது. ஊர் மக்கள் போராடிய பிறகு, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. வரைபடம் போடும்போதே கவனித்திருந்தால் இத்தனை பேர் தெருவுக்கு வந்திருக்க வேண்டியதில்லை.

முறையான ஆய்வு எப்படி நடக்கும்?

முதல் வேலை மேசையில்: பழைய வரைபடம், கல்வெட்டு அறிக்கைகள், செயற்கைக்கோள் படங்கள், இடப்பெயர்கள். ‘பஞ்சபாண்டவர் படுக்கை’ என்று ஊர் சொல்லும் இடம் பல நேரம் சமணர் படுக்கையாக இருக்கும்.

அடுத்து களத்தில் நடப்பது. நிலத்தைக் கோடு கோடாகப் பிரித்து நடந்து, பானை ஓடு, கற்கருவி எதுவானாலும் ஜிபிஎஸ்ஸோடு பதிவார்கள். ஆடு மேய்ப்பவரிடம் பேசுவதும் இதில் சேர்த்திதான். சந்தேகம் இருந்தால் தரை ஊடுருவும் ராடார், சின்னச் சின்னச் சோதனைக் குழிகள். கடைசியில் எங்கே தொடக்கூடாது, எவ்வளவு தள்ளி வெடி வைக்கலாம், எதை அகழ்ந்து எடுக்கலாம் என்று வரைபடத்தில் குறிப்பார்கள்.

மண்ணுக்குள் கிடக்கும் பானையை எடுத்து மியூசியத்தில் வைக்கலாம். பாறை ஓவியத்தை அப்படித் தூக்கிப்போக முடியாது. குவாரிக்காரருக்கு வேண்டிய அதே பாறைதான் இங்கே சான்றும்.

ஆய்வு லேட்டாக நடந்தால்?

ஆஸ்திரேலியாவின் ஜூக்கன் பள்ளத்தாக்கில் ரியோ டின்டோ நிறுவனத்துக்கு 2013-இல் அனுமதி கிடைத்தது. 2014-இல் நடந்த அகழாய்வில், அந்தக் குகையை மனிதர்கள் 46,000 ஆண்டுகளுக்கு முன்பே பயன்படுத்தியது தெரிந்தது. ஆனால் கொடுத்த அனுமதியை மறுபடி பரிசீலிக்க அந்தச் சட்டத்தில் அப்போது வழி இருக்கவில்லை. 2020 மே மாதம் குகைகள் தகர்க்கப்பட்டன. தலைமைச் செயல் அதிகாரி பதவி போனது. குகை திரும்பி வரவில்லை. அங்கே ஆய்வு நடந்தது, அனுமதிக்குப் பிறகு நடந்தது. அதுதான் பிரச்சினை.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் ஊர்ப்பக்கம் குவாரித் திட்டத்துக்குப் பொது விசாரணை என்றால் குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். வரைவு அறிக்கை கலெக்டர் ஆபீஸில் கிடைக்கும். நேரில் போக முடியாவிட்டாலும் எழுத்தில் கருத்து அனுப்பலாம். மலையில் பழைய எழுத்தோ ஓவியமோ கண்ணில் பட்டால் தொடாதீர்கள், சாக்பீஸ் தடவாதீர்கள். போட்டோவும் லொகேஷனும் எடுத்து மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். பதிவு இருந்தால்தான், பின்னால் எழுதும் ஆட்சேபணைக்கு ஆதாரம் இருக்கும்.

அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் ஒன்றைத் தேடுங்கள்: தொல்லியல் தெரிந்த யாராவது அந்த மலையில் நேரில் நடந்து பார்த்தார்களா, எந்தத் தேதியில்? பதில் இல்லையென்றால், உங்கள் கருத்துக் கடிதத்தின் முதல் வரி அதுவாக இருக்கட்டும்.