சூரியக் காற்றுக்கு ஒரு முந்தைய ஸ்டேஷன்

1982 ஜூலையில் சுவீடனில் ரயில் சிக்னல்கள் தாமாகவே சிவப்பாயின. சூரியப் புயல் பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்க, தண்டவாளத்தில் மின்னோட்டம் பாய்ந்ததே காரணம். சிக்னல் பழுதென்றால் ரிலேயைச் சோதித்தே பழகிய எனக்கு இது வியப்புதான்!

செங்கோட்டைக்காரரான நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய ஆதித்யா எல்-1, 2023 செப்டம்பர் 2இல் புறப்பட்டு, 2024 ஜனவரி 6இல் பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில், சூரியன் பக்கமாக நிலைகொண்டது. அதிலுள்ள, நம் திருவனந்தபுரத்தில் உருவான 'பாப்பா' கருவி சூரியக் காற்றின் துகள்களை ஆராய்கிறது. 6 மீட்டர் கம்பத்திலுள்ள உணரிகள் காந்தப்புலத்தை அளக்கின்றன. அதன் திசைதான் முக்கியம். தெற்கு நோக்கினால் பூமியின் காந்தக் கவசம் திறந்துகொள்ளும்.

வண்டி வருமுன் முந்தைய ஸ்டேஷனிலிருந்து தகவல் வருமே, அதைப்போல. விநாடிக்கு 400 கி.மீ. வேகக் காற்றென்றால் நமக்கு ஒரு மணி நேர அவகாசம். 800 கி.மீ. வேகப் புயலென்றால் அரை மணிதான்.