இலவச சிகிச்சைக்குக் காசு கட்டுவது யார்?

ராசிபுரம் அரசு மருத்துவமனையில் சர்க்கரை மாத்திரை வாங்கிப் போகிறவர் காசு கொடுப்பதில்லை. அதற்காக அந்த மாத்திரைக்கு விலையே இல்லை என்று ஆகிவிடாது. சேகோ ஆலைத் தொழிலாளி வாங்கும் சோப்பிலும், லாரிக்கு ஊற்றும் டீசலிலும் அடங்கியிருக்கும் வரிதான் அந்த விலை. நோய் வருவதற்கு முன்பே ஊரே சேர்ந்து கட்டிவிட்டது.

அனைவருக்கும் மருத்துவம் வேண்டும் என்பதில் பெரிய சண்டை இல்லை. பணத்தை எப்படித் திரட்டுவது, எங்கே செலவழிப்பது என்பதில்தான் வழக்கு.

வரி வழி

பணமில்லை என்பதற்காக எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்று 1946-லேயே இந்தியாவின் மருத்துவ வசதிகளை ஆராய்ந்த போர் (Bhore) குழு சொன்னது. பிரிட்டன் 1948-லும், இலங்கை 1951-லும் அரசு மருத்துவமனைகளில் கட்டணமில்லா சிகிச்சையைக் கொண்டுவந்தன. தமிழ்நாட்டின் பலமும் இதுவே. 1995 முதல் மருத்துவ சேவைகள் கழகம் மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக டெண்டர் விட்டு மருந்து வாங்குவதால் விலை குறைகிறது. கூட்டமும் காலிப் பணியிடங்களும் இந்த வழியின் குறைகள்.

சந்தா வழி

இ.எஸ்.ஐ. திட்டத்தில் தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதமும், முதலாளி 3.25 சதவீதமும் கட்டுகிறார்கள். மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். வீட்டில் தறி போடுபவரும், மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்குபவரும் இதற்குள் வருவதில்லை.

காப்பீட்டு வழி

தமிழ்நாட்டில் 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமானது. 2018-ல் மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருக்க வேண்டும். 2022 ஒப்பந்தப்படி ஒரு குடும்பத்துக்கு ஆண்டு பிரீமியம் ரூ.849. காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர் ஒரு பைசா கட்டுவதில்லை. அதுவும் வரிப்பணமே, கை மாறும் இடம்தான் வேறு.

எது மேல்?

இதய அறுவை சிகிச்சைக்கு நகையை அடகு வைக்காமல் காப்பாற்றுவது அட்டை. தனியார் மருத்துவமனைக்கும் போகலாம். ஆனால் அது பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் உதவும். மாதா மாதம் வெளிக்கடையில் வாங்கும் பி.பி. மாத்திரை, தனியார் கிளினிக் ஃபீஸ் எல்லாம் கைக்காசுதான். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைக்காசின் பங்கு 2013-14-ல் 64.2 சதவீதமாக இருந்து, 2021-22-ல் 39.4 சதவீதமாகக் குறைந்தது. அதே ஆண்டில் அரசுகளின் மருத்துவச் செலவு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதம். 2025-க்குள் 2.5 சதவீதம் என்பது 2017 தேசிய சுகாதாரக் கொள்கையின் இலக்காக இருந்தது.

அட்டையும் வேண்டும், ஆஸ்பத்திரியும் வேண்டும். ஆனால் கூடுதலாகக் கிடைக்கும் பணம் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். ரத்த அழுத்தத்தை அங்கேயே கண்டுபிடித்து மாத்திரை கொடுத்துவிட்டால், பலருக்கு அந்த ரூ.5 லட்சம் அட்டையை எடுக்கும் நிலையே வராது.