தெளிஞ்ச தண்ணியெல்லாம் நல்ல தண்ணி இல்லை!
வண்ண மீன் வளர்க்கும் சகோதரிகள் கவனத்துக்கு



நம்ம குழுக்களில் வண்ண மீன் வளர்ப்பவர்கள் இரண்டு வகை. பிள்ளைகள் ஆசைக்காக வீட்டில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருப்பவர்கள் ஒரு வகை. கடன் வாங்கி, கொல்லையில் சிமெண்ட் தொட்டி கட்டி, கப்பி, மோலி, பிளாட்டி, தங்க மீன் என்று வளர்த்து விற்பவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேருமே கேட்கிற கேள்வி ஒன்றுதான். "தொட்டிய நல்லா தேய்ச்சுக் கழுவி, மொத்தத் தண்ணியும் மாத்தினேன். மறுநாள் பார்த்தா மீனெல்லாம் செத்து மிதக்குது. சுத்தம் செஞ்சது தப்பா?"

சுத்தம் செய்தது தப்பில்லை. எல்லாத் தண்ணீரையும் ஒரே நேரத்தில் மாற்றியதுதான் தப்பு. மாதக்கணக்கில் தீனி போட்டு வளர்த்த மீன், வியாபாரி வருகிற நேரத்தில் செத்துப்போனால் நம் கதி என்ன? மீன் செத்தாலும் தவணை சாகாதே! அதனால் தண்ணீர் மாற்றும் முறையை நாம் எல்லோருமே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

மீன் கழிவிலிருந்தும், தின்னாமல் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. இதை நம் கண்ணால் பார்க்க முடியாது. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தாலும் அதில் அம்மோனியா இருக்கலாம். இந்த நஞ்சை மாற்றிக் குறைப்பவை நல்ல பாக்டீரியாக்கள். அவை தொட்டிச் சுவரிலும், கூழாங்கல்லிலும், பில்டர் பஞ்சிலும் ஒட்டி வாழ்கின்றன.

பாலுக்கு உறைமோர் எப்படியோ, தொட்டிக்கு இந்த பாக்டீரியா அப்படி. தொட்டியைத் தேய்த்துக் கழுவி, பஞ்சையும் குழாயடியில் அலசிவிட்டால் உறைமோரையே கீழே கொட்டின மாதிரி ஆகிவிடும். அது மறுபடி பெருக சில வாரங்கள் ஆகும். அதுவரை அம்மோனியா ஏறிக்கொண்டே போகும்.

இன்னொரு விஷயமும் உண்டு. தொட்டித் தண்ணீர் நாளாக ஆகப் புளிப்புத் தன்மை அடையும். பல ஊர்களில் போர் தண்ணீர் காரத்தன்மை உள்ளது. திடீரென்று முழுசாக மாற்றினால் மீனின் உடம்பு தாங்காது. காரத்தன்மை கூடினால் மிச்சமிருக்கும் அம்மோனியாவின் வீரியமும் கூடிவிடும்.

எவ்வளவு மாற்றலாம்?

வாரம் ஒரு முறை கால் பங்கு மாற்றினால் போதும். கணக்கு சுலபம். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். 2 அடி நீளம், 1 அடி அகலம் உள்ள கண்ணாடித் தொட்டியில் 1 அடி தண்ணீர் நின்றால் 56 லிட்டர். அதில் கால் பங்கு 14 லிட்டர், அதாவது ஒரு குடம்!

6 அடிக்கு 4 அடி சிமெண்ட் தொட்டியில் ஒன்றரை அடி தண்ணீர் என்றால் சுமார் 1,000 லிட்டர். கால் பங்கு 250 லிட்டர், 15 லிட்டர் குடத்தில் 17 குடம். எண்ணக் கஷ்டமாக இருந்தால் தண்ணீர் மட்டம் அரை சாண் இறங்கும்வரை எடுங்கள், சரியாக இருக்கும்.

ரொம்ப நாளாக மாற்றாமல் விட்ட தொட்டியா? அவசரப்படாதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் பத்தில் ஒரு பங்கு என்று கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

புதுத் தண்ணீரைத் தயார் செய்வது எப்படி?

குழாய்த் தண்ணீரில் கிருமி சாக பிளீச்சிங் பவுடரோ குளோரினோ கலக்கிறார்கள். நமக்கு அது நல்லது. மீனுக்கோ அது செவுளைப் புண்ணாக்கிவிடும். வாய் அகன்ற பாத்திரத்தில் பிடித்து, திறந்த இடத்தில் ஒரு நாள் முழுக்க வையுங்கள், குளோரின் பறந்துவிடும். கொசு முட்டை இடாதபடி மேலே மெல்லிய துணி கட்டிவிடுங்கள்.

போர் தண்ணீரில் குளோரின் இல்லைதான். ஆனால் அதில் மீன் மூச்சுவிடத் தேவையான பிராணவாயு குறைவாக இருக்கும். அதையும் ஒரு நாள் வைத்து, ஏர் பம்ப் விட்டோ, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆற்றியோ ஊற்றுங்கள்.

வெயில் காலத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்குமே, அதை அப்படியே விடக் கூடாது. ஒரு கையைத் தொட்டியிலும், மறு கையைப் புதுத் தண்ணீரிலும் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சூடாகத் தெரிய வேண்டும்.

மாற்றும் நாளில்

காலை வெயில் ஏறும் முன் செய்யுங்கள். அதற்கு முன் தீனி போட வேண்டாம். கையில் சோப்பு, எண்ணெய், பவுடர் எதுவும் இருக்கக் கூடாது. கையில் புண் இருந்தால் தொட்டிக்குள் விடாதீர்கள்.

ஒரு டியூபில் தண்ணீரை நிரப்பி, இரண்டு முனையையும் விரலால் அடைத்து, ஒன்றைத் தொட்டி அடியிலும் மற்றதைக் கீழே உள்ள பக்கெட்டிலும் விட்டால் தண்ணீர் தானே இறங்கும். வாயால் உறிஞ்ச வேண்டாம். குட்டி மீன் போய்விடாமல் டியூப் முனையில் கொசுவலைத் துண்டு கட்டுங்கள். அடியில் தங்கிய கழிவு முதலில் வரட்டும்.

பில்டர் பஞ்சை இப்படி எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். சோப்பு கூடவே கூடாது. அலசி முடிந்த தண்ணீரைக் கத்தரி, வெண்டைக்கு ஊற்றுங்கள், அது நல்ல உரத் தண்ணீர்.

புதுத் தண்ணீரைக் குடத்தோடு கவிழ்க்காமல், சொம்பால் மெதுவாக ஊற்றுங்கள். மீன்களை வெளியே எடுக்கத் தேவையில்லை. வலைபோட்டுப் பிடித்தாலே அவை பயந்து நோகும்.

மாற்றிய பிறகு

ஒரு மணி நேரமாவது கண் வைத்திருங்கள். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா? செவுள் வேகமாக அடிக்கிறதா? துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடக்கிறதா? உடனே தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி ஏர் பம்பைப் போடுங்கள். குளோரின் சந்தேகம் இருந்தால், முன்பே பிடித்துவைத்த தண்ணீருக்கு மீனை மாற்றுங்கள். இதற்காகவே எப்போதும் இரண்டு குடம் தண்ணீர் தயாராக இருக்கட்டும். எல்லாம் நன்றாக இருந்தால் சில மணி நேரம் கழித்துக் கொஞ்சமாகத் தீனி போடலாம்.

விற்பனை செய்யும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. "நீங்க குடுத்த மீன் ஒரே வாரத்துல செத்துப்போச்சு" என்று வாங்கியவர் வந்து நின்றால் நம் பெயர்தான் கெடும். மீனைப் பையில் கட்டிக் கொடுக்கும்போதே, "வாரம் ஒரு தடவை கால் பங்கு தண்ணி மட்டும் மாத்துங்க. ஒரு நாள் பிடிச்சு வச்ச தண்ணியா இருக்கணும்" என்று சொல்லி அனுப்புங்கள். அவர் வீட்டு மீன் பிழைத்தால் மறுபடி நம்மிடம்தான் வருவார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் மீன் வளர்க்கும் எல்லா உறுப்பினர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். நமக்குள் ஒருவர் தொட்டி மீன் பிழைத்தாலும் அது நம் குழுவின் சேமிப்புதான்!